‘ஆன் தி ஃபிரிஞ்சஸ்’ என்று எழுதும் முன், எந்த ஓரம் என்று பாருங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நகல் எடுக்கும் போட்டோஸ்டெட் கடை ஒன்று இருக்கிறது. போன மாதம் அங்கே நின்றுகொண்டிருந்தபோது குடியிருப்பாளர் சங்கத்துச் செயலாளர் அண்ணன் ஒரு கடிதத்தை என் கையில் கொடுத்து, “டீச்சர், நகல் எடுக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை பார்த்துடுங்க” என்றார். நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிய கடிதம். மின்தூக்கி பழுதாகி ஆறு மாதம் ஆகிவிட்டது, வயதானவர்கள் எட்டு மாடி ஏறுகிறார்கள், இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. மூன்றாவது பத்தியில்தான் அந்த வரி: “வீ ஆர் எ ஃபிரிஞ்ச் குரூப் இன் திஸ் ஏரியா.”

“இதுல என்ன சொல்ல வந்தீங்க அண்ணே?” என்று கேட்டேன்.

“நம்மள ஓரங்கட்டிட்டாங்கன்னு.”

கைபேசியில் ‘ஓரம்’ என்று தட்டியிருக்கிறார், அது ‘ஃபிரிஞ்ச்’ என்று கொடுத்திருக்கிறது, ‘குரூப்’ என்பதைப் பக்கத்தில் சேர்த்துவிட்டார். ஆனால் ஆங்கிலச் செய்திகளைத் தினமும் படிக்கிற ஒருவருக்கு ‘ஃபிரிஞ்ச் குரூப்’ என்றால் யாரும் ஏற்றுக்கொள்ளாத தீவிரக் கருத்துகளோடு தனியாக நிற்கும் ஒரு கும்பல் என்றுதான் முதலில் தோன்றும். மின்தூக்கி கேட்டு எழுதிய கடிதத்தில் நம்மை நாமே அப்படி அறிமுகம் செய்துகொள்ள வேண்டுமா? அன்றைக்கு அந்தக் கடை வாசலில் அரை மணி நேரம் அவருக்குச் சொன்னதையும், டியூஷனில் படிவம் 5 பிள்ளைகளுக்குப் பல வருடமாகச் சொல்லி வருவதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஒதுங்கினீர்களா, ஒதுக்கினார்களா? நம் மொழியில் இந்த இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் நடந்தது என்ன என்பதை அந்த ஓர் எழுத்து சொல்லிவிடுகிறது. ‘ஒதுங்கி நின்றேன்’ என்றால் நானாக விலகினேன். ‘ஒதுக்கிவிட்டார்கள்’ என்றால் யாரோ ஒருவர் என்னைத் தள்ளியிருக்கிறார். ‘ஓரங்கட்டுவது’ம் அப்படித்தான், வண்டியை ஓரங்கட்டினாலும் மனிதரை ஓரங்கட்டினாலும் கட்டுகிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும். ‘ஆன் தி ஃபிரிஞ்சஸ்’, ‘ஆன் தி மார்ஜின்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடர்கள் நிற்கிற இடத்தை மட்டும்தான் சொல்லும். அங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதைச் சொல்லாது. நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், மனதில் ஒரு குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு தாளில் வெறும் முகவரியை எழுதிவிடுகிறார்கள்.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம். ஃபிரிஞ்ச் என்பதற்கு நேரடியான பொருள் துணியின் ஓரத்தில் தொங்கும் குஞ்சம். லத்தீனில் ‘ஃபிம்ப்ரியா’ என்று இருந்தது, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் போனால் ஏதாவது ஒரு துணிக்கடையில் பட்டுச் சேலையின் முந்தியை விரித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நெய்தது ஓர் இடத்தில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு குறுக்கு நூல் கிடையாது, நெடுக்கு நூல்கள் மட்டும் தளர்வாகத் தொங்கும். அவற்றைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து முறுக்கி முடிச்சுப் போட்டால் குஞ்சம். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனால் சேலைக்குள்தான் போய்ச் சேருவீர்கள், ஏனென்றால் அது சேலையின் அதே நூல். இந்தப் படம் மனதில் பதிந்தால் போதும். ‘ஆன் தி ஃபிரிஞ்சஸ்’ என்றால் ஒன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறோம், ஆனால் இறுக நெய்யப்படவில்லை. முழுக்க வெளியே இருக்கிறவருக்கு இது பொருந்தாது.

எங்களிடம் படித்த ஒரு பிள்ளை, தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய் மொழிக்கான ஆயத்த ஆண்டான ரிமூவ் வகுப்பும் முடித்து, இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-க்குப் போன கதையைக் கட்டுரையாக எழுதினாள். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் ஒரே நீள பெஞ்சில்தான் எல்லோரும் உட்காருவார்களாம், அவள் கடைசி முனையில், பாதி உட்கார்ந்தும் உட்காராமலும், மற்றவர்கள் சிரிக்கும்போது கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பாளாம். யாரும் அவளைத் துரத்தவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அதற்கு அவள் எழுதியிருந்த வரி, “ஐ வாஸ் இன் ஃபிரிஞ்ச்.” அதை இப்படி மாற்றினோம்: “ஃபார் தி ஃபர்ஸ்ட் ஃபியூ மன்த்ஸ், ஐ வாஸ் ஆன் தி ஃபிரிஞ்சஸ் ஆஃப் தி கிளாஸ்.” இந்தத் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தத் திருத்தத்தில் மூன்று விஷயம் இருக்கிறது. ‘இன்’ வராது, ‘ஆன்’ வரும், சில இடங்களில் ‘அட்’ வருவதும் உண்டு. ‘தி’ கட்டாயம். அப்புறம் ‘ஆஃப்’, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எதனுடைய ஓரம்? வகுப்பின், கட்சியின், கோயில் நிர்வாகத்தின், சமுதாயத்தின் என்று நடுவில் இருப்பதைச் சொன்னால்தான் ஓரத்துக்கு அர்த்தம் வரும். வெறுமனே “ஐ ஆம் ஆன் தி ஃபிரிஞ்சஸ்” என்று நிறுத்தினால், முன்னால் எங்காவது அந்த நடுப்பகுதியைச் சொல்லியிருந்தால் ஒழிய, படிக்கிறவர் காத்துக்கொண்டிருப்பார். ஒருமையில் ‘ஃபிரிஞ்ச்’ என்றும் எழுதலாம், பிழை இல்லை, ஆனால் மனிதர்களைப் பற்றிப் பேசும்போது பன்மைதான் காதுக்கு இயல்பாக இருக்கிறது. உச்சரிப்புக்கு ‘ஆரஞ்சு’ என்பதில் வரும் அந்தக் கடைசி ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள், ‘ஃபிரிங்கே’ என்று சொல்லிவிட வேண்டாம், வாய்மொழித் தேர்வில் இரண்டு பேர் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இனி, ஃபிரிஞ்ச் இன்னொரு சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது கவனம் தேவை. செயலாளர் அண்ணன் மாட்டிக்கொண்டது இங்கேதான். பின்னால் வரும் சொல்லைப் பொறுத்து அதன் குணமே மாறிவிடும். குரூப், பார்ட்டி, தியரி என்று கருத்தைச் சுமக்கிற சொல் வந்தால் பெரும்பாலும் கெட்ட பெயர்தான். 1913-இல் நியூயார்க்கில் நவீன ஓவியக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதைப் பார்த்துவிட்டு எழுதிய முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடோர் ரூசவெல்ட், எந்த இயக்கத்திலும் ஒரு ‘லூனட்டிக் ஃபிரிஞ்ச்’ இருக்கும் என்கிற மாதிரி எழுதினார். சித்தம் கலங்கிய ஓரம் என்று சொல்லலாம். பிறகு அரசியலில் அது ஒட்டிக்கொண்டது, இன்றைக்கும் ஒரு கட்சி தன்னிடம் உள்ள தீவிரவாதிகளைக் கைகழுவ விரும்பினால் “தே ஆர் ஜஸ்ட் எ ஃபிரிஞ்ச்” என்று சொல்லும்.

அதே சொல் கலை உலகத்தில் பெருமையாக நிற்கிறது. 1947-இல் எடின்பரோவில் முதல் சர்வதேசக் கலை விழா நடந்தபோது அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து, கிடைத்த அரங்குகளில் தாங்களாகவே நாடகம் போட்டன. அடுத்த ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற நாடக ஆசிரியர் பத்திரிகையில் எழுதும்போது அதிகாரபூர்வ விழாவின் ‘ஃபிரிஞ்சில்’ நடப்பவை என்று குறிப்பிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று எடின்பரோ ஃபிரிஞ்ச் உலகின் மிகப் பெரிய கலை விழாக்களில் ஒன்று. எனவே ஒரு நாடகக் குழு தன்னை ‘ஃபிரிஞ்ச் தியேட்டர்’ என்று சொல்லிக்கொண்டால் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படாதீர்கள், அவர்கள் விரும்பி வைத்துக்கொண்ட பெயர் அது.

வேலை விளம்பரத்தில் வரும் ‘ஃபிரிஞ்ச் பெனஃபிட்ஸ்’ சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் சலுகைகள்: மருத்துவ அட்டை, பெட்ரோல் அலவன்ஸ் மாதிரி. வீடு விற்பவர்கள் போடும் ‘கேஎல் சிட்டி ஃபிரிஞ்ச்’ என்றால் நகர மையத்துக்கு வெளியே, ஆனால் மையத்தை ஒட்டி இருக்கிறது, எல்ஆர்டி ரயில் பிடித்தால் போய்விடலாம் என்று அர்த்தம். அதை அவர்கள் ஆசை காட்டுவதற்காகவே எழுதுகிறார்கள். காற்பந்தில் ‘ஃபிரிஞ்ச் பிளேயர்’ என்றால் அணியில் பெயர் இருக்கிறது, களத்தில் இறங்குவது எப்போதாவதுதான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நெற்றியில் விழும்படி வெட்டிய முடிக்கும் ஃபிரிஞ்ச்தான் பெயர்.

அடுத்தது ‘ஆன் தி மார்ஜின்ஸ்’. இதன் படம் எல்லோருக்கும் தெரியும், தொடக்கப்பள்ளி நோட்டுப் புத்தகத்தில் இடது பக்கம் போட்ட சிவப்புக் கோடு. “மார்ஜின் விட்டு எழுது” என்று அடி வாங்காத தலைமுறை நம்மில் குறைவு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பாடம், அந்தப் பக்கம் வெற்றிடம். ‘ஃபிரிஞ்சஸ்’ ஒட்டிக்கொண்டிருப்பதைச் சொல்கிறது என்றால் ‘மார்ஜின்ஸ்’ கணக்கில் வராமல் போனதைச் சொல்கிறது. அதனால்தான் வறுமை, குடியுரிமைப் பத்திரம் இல்லாதது, வேலை கிடைக்காதது போன்றவற்றைப் பற்றி எழுதும்போது ‘ஆன் தி மார்ஜின்ஸ் ஆஃப் சொசைட்டி’ என்பதைப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் நாம் ‘விளிம்புநிலை மக்கள்’ என்று எழுதுவதற்கு இதுதான் இணை. பன்மையில் எழுத வேண்டும் என்பதை இங்கே கண்டிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒருமையில் ‘அட் தி மார்ஜின்’ என்று எழுதினால் அது பொருளியல்காரர்கள் பேசுவது, இருப்பதற்கு மேல் இன்னும் ஒன்று கூட்டினால் அல்லது குறைத்தால் என்ன ஆகும் என்ற கணக்கு. ‘இன் தி மார்ஜின்’ என்றால் நிஜமாகவே தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதியது. தேர்தல் நேரத்தில் வரும் ‘மார்ஜினல் சீட்’ சொற்ப வாக்கு வித்தியாசத்தில் கைமாறக்கூடிய தொகுதி. அதை ஏழைகள் வாழும் தொகுதி என்று ஒரு பையன் தவறாக மொழிபெயர்த்திருந்தான். உண்மையில் அந்த மாதிரித் தொகுதியைத்தான் எல்லாக் கட்சியும் விழுந்து விழுந்து கவனிக்கும்.

‘மார்ஜினலைஸ்டு’ என்பது வேறு. அதில் ஒரு செயல் இருக்கிறது, நம் ‘ஒதுக்கப்பட்ட’ போல. இதைப் புரிந்துகொள்ள நமக்கு மலாய் கை கொடுக்கும். பிங்கிர் என்றால் ஓரம். பிங்கிரான் யுஎஸ்ஜே, பிங்கிரான் புத்ரா என்று குடியிருப்புப் பெயர்ப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள், அது வெறும் இடம், யாருக்கும் அதில் வருத்தம் இல்லை. அதே சொல்லோடு முன்னால் ‘டி’, பின்னால் ‘கான்’ சேர்த்து ‘டிபிங்கிர்கான்’ என்று சொன்னால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் இப்போது யாரோ யாரையோ தள்ளியிருக்கிறார்கள். ‘பிங்கிரான்’ இடத்தில் ‘ஃபிரிஞ்ச்’, ‘டிபிங்கிர்கான்’ இடத்தில் ‘மார்ஜினலைஸ்டு’ என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ விதமாக விளக்கியிருக்கிறேன், இந்த வழிதான் ஒரே நாளில் பிடிபடுகிறது. ஆனாலும் ‘மார்ஜினலைஸ்டு’ தள்ளியவர் பெயரைச் சொல்லாமலே தப்பித்துக்கொள்ளும் சொல்தான். ‘பை’ போட்டு யாரால் என்று எழுதினால்தான் அது முழுமையாகும்.

இடத்துக்கும் நிலைக்கும் இருக்கும் வித்தியாசத்தைக் கேட்டால் நான் புக்கிட் ஜாலிலைத்தான் சொல்வேன். அது ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம், நம்மவர்கள் லயத்து வீடுகளில் இருந்து பால் வெட்டிய இடம், ஊரின் வெளிப்புறம். அப்போது ‘ஆன் தி அவுட்ஸ்கர்ட்ஸ் ஆஃப் கேஎல்’ என்று எழுதியிருக்கலாம், அவுட்ஸ்கர்ட்ஸ் வரைபடத்துச் சொல். பிறகு 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகத் தேசிய அரங்கம் அங்கே எழும்பியது, ஊர் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது. அவுட்ஸ்கர்ட்ஸ் என்ற சொல் இன்று அந்த இடத்துக்குப் பொருந்தாது. ஆனால் மாற்று வீடு கேட்டு அந்த லயத்து வீடுகளிலேயே காத்திருந்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு ‘ஆன் தி மார்ஜின்ஸ்’ பொருந்தியது, விளையாட்டரங்கத்தின் வெளிச்சம் விழுகிற தூரத்தில் இருந்தும்.

‘ஆன் தி சைட்லைன்ஸ்’ திடலில் இருந்து வந்தது. ஆட்டம் நடக்கும்போது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிற்கும் மாற்று ஆட்டக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அவர் கண் முன்னால் நடக்கிறது, அவர் கையில் எதுவும் இல்லை. கோயில் தேர்தலில் இரண்டு அணி மோதும்போது எதிலும் சேராமல் பார்த்துக்கொண்டிருந்தால் “ஐ ஸ்டேய்ட் ஆன் தி சைட்லைன்ஸ்”, இது ‘ஒதுங்கினேன்’. பத்து வருடம் செயலாளராக இருந்தவருக்குப் புதுத் தலைவர் வந்ததும் ஒரு வேலையும் கொடுக்கவில்லை என்றால் “ஹி வாஸ் சைட்லைண்டு”, இது ‘ஒதுக்கினார்கள்’. நாம் தமிழில் செய்வதை ஆங்கிலமும் செய்கிற அபூர்வமான இடம் இது.

இதே தொடருக்கு இன்னொரு பயன்பாடு உண்டு, அதில் நம் தமிழ்ச் செய்திகளே தடுமாறுவதைப் பார்க்கிறேன். 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் 47-வது ஆசியான் உச்சநிலை மாநாடு நடந்தபோது ‘ஆன் தி சைட்லைன்ஸ் ஆஃப் தி சம்மிட்’ என்று ஆங்கிலச் செய்தியில் வராத நாள் இல்லை. மாநாட்டுக்கு வந்த தலைவர்கள், நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே தனியாகச் சந்தித்துப் பேசினார்கள் என்று அர்த்தம். பிரிட்டிஷ் அரசதந்திரிகள் ‘இன் தி மார்ஜின்ஸ் ஆஃப்’ என்பார்கள், பொருள் ஒன்றுதான். இதைத் தமிழில் ‘மாநாட்டின் ஓரத்தில் சந்தித்தனர்’ என்று எழுதினால் இரண்டு பிரதமர்கள் மண்டபச் சுவரோரம் நின்று பேசியது போல ஆகிவிடும். ‘மாநாட்டுக்கு இடையே சந்தித்தனர்’ என்பதுதான் நம் வழக்கு. இந்தப் பொருளில் யாரும் ஒதுக்கப்படுவதில்லை, சில நேரம் முக்கியமான பேச்சே இங்கேதான் நடக்கும்.

‘பெரிஃபெரி’ என்றும் ஒன்று இருக்கிறது, வட்டத்தின் சுற்றுக்கோடு. அறிக்கை, ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அது போதும், பேச்சில் தேவைப்படாது.

ஓரம் போலவே தோன்றி ஆளைக் கவிழ்க்கும் தொடர்கள் சில உண்டு. ‘ஆன் எட்ஜ்’ என்றால் படபடப்பாக, எரிச்சலாக இருப்பது. ‘ஆன் தி எட்ஜ்’ என்றால் விளிம்பு, மனிதரைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் உடைந்துபோகிற நிலை. வேலை இடத்தில் தன்னைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை என்று சொல்ல வந்த ஒரு தம்பி, மேலாளருக்கு “ஐ ஆம் ஆன் தி எட்ஜ்” என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அவர் பதறிப்போய் உடனே தொலைபேசியில் அழைத்த பிறகுதான் என்னிடம் வந்து கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது “ஐ ஹேவ் பீன் லெஃப்ட் அவுட் ஆஃப் தி மீட்டிங்ஸ்” என்ற சாதாரண வாக்கியம். ‘ஆன் தி பிரிங்க் ஆஃப்’, ‘ஆன் தி வெர்ஜ் ஆஃப்’ இரண்டும் ஒன்று நடக்கப்போகிற தறுவாய். ‘ஆன் தி ஃபென்ஸ்’ மதில்மேல் பூனை, அதை விளக்க வேண்டியதில்லை.

படிவம் 5 முடிவில் எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளே, ஒரு கட்டுரையில் இந்தத் தொடர்களில் ஒன்றை ஒரே ஒரு முறை பயன்படுத்துங்கள், அதுவும் முதல் வரியில் வேண்டாம். பெஞ்சின் கடைசி முனையை முதலில் காட்டிவிட்டு, அப்புறம் ‘ஆன் தி ஃபிரிஞ்சஸ்’ வந்தால் அது உங்களுடையதாக இருக்கும். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் தங்களைப் பற்றிச் சொல்ல இதை எடுக்கவே வேண்டாம். அமைதியான சுபாவம் என்றால் “ஐ ஆம் எ கொயட் பெர்சன்” என்று சொல்லுங்கள். முறையீட்டுக் கடிதம் எழுதுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், இந்தத் தொடர்கள் உங்கள் நிலைமையை வெளியில் இருந்து பார்த்து எழுதுகிற மற்றவர்களுக்கு நன்றாக உதவும், உங்களிடம் இருப்பதோ தேதியும் எண்ணிக்கையும். அதை முதலில் வையுங்கள்.

அன்றைக்குப் போட்டோஸ்டெட் கடையில் அந்த மூன்றாவது பத்தியை அடித்துவிட்டு அண்ணனையே சொல்லச் சொன்னேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: “தி லிஃப்ட் ஹாஸ் நாட் வொர்க்டு ஃபார் சிக்ஸ் மன்த்ஸ். வீ ரோட் டு யுவர் ஆஃபிஸ் ட்வைஸ் அண்டு ஹேட் நோ ரிப்ளை.” கடைசியில் “வீ ஃபீல் லெஃப்ட் அவுட்” என்று சேர்க்கலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அது வேணாம் டீச்சர், எட்டாவது மாடியில டயாலிசிஸுக்குப் போற பாட்டி ஒருத்தங்க இருக்காங்க, அவங்க வாரத்துக்கு மூணு தடவை எறங்கி ஏறுறாங்க, அத எழுதுங்க” என்றார். அதை எழுதி, பத்து நகல் எடுத்தோம்.